கடைசி வரிசை அணிகளை ஏன் வெட்டக் கூடாது?

இது கொஞ்சம் நீண்ட பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் சேமித்து வைத்து இரவு சாப்பாட்டுக்குப் பிறகு வாசியுங்கள். விடயம் நம் ஊரைப் பற்றியதல்ல, அயர்லாந்தைப் பற்றியது. நம்மில் அநேகர் பெயரைக்கூடக் கேட்டிராத ஒரு விளையாட்டைப் பற்றியது. கிரிக்கெட்டும் உதைபந்தாட்டமும் நிறைந்த இந்தப் பக்கத்தில் இது எதற்கு என்று சிலர் கேட்பீர்கள். வாசித்துவிட்டுக் கேளுங்கள்.

2023 நவம்பரில் அங்கே ஒரு யோசனை வெளியில் வந்தது. அயர்லாந்தின் பாரம்பரிய விளையாட்டுகளை நடத்தும் சங்கத்துக்குச் சுருக்கப் பெயர் ஜீ.ஏ.ஏ. அந்தச் சங்கத்தின் போட்டிகளை ஒழுங்கு செய்யும் குழு, கவன், ஃபெர்மனா, லெய்ட்ரிம், லோங்ஃபோர்ட், லவுத் என்ற ஐந்து கவுண்டிகளின் ஹேர்லிங் அணிகளை 2025 முதல் தேசிய லீக்கில் இருந்து எடுத்துவிடலாம் என்றது. அந்தக் கவுண்டிகளில் ஹேர்லிங் ஆடும் வளர்ந்தோர் கழகங்கள் விரல் விட்டு எண்ணக்கூடிய அளவுதான். இவ்வளவு சிறிய இடத்தில் ஒரு கவுண்டி அணியைக் கட்டி, பயிற்றுவித்து, பஸ் ஏற்றி ஊர் ஊராக அனுப்புவதை விட, முதலில் கழகங்களையும் சிறுவர் ஆட்டத்தையும் வளர்க்கலாமே என்பது அவர்கள் பக்கத்து நியாயம்.

அந்த நியாயத்தை நாம் சிரித்துத் தள்ளவில்லை. ஆனால் அது பிழை என்று நினைக்கிறோம். ஏன் என்று சொல்ல, முதலில் ஆட்டத்தைச் சொல்ல வேண்டும்.

ஒரு பக்கத்துக்கு 15 பேர். கையில் ஆஷ் என்ற மரத்தில் செய்த, நுனி தட்டையாக அகன்ற மட்டை. அதன் பெயர் ஹேர்லி. பந்து நம் கிரிக்கெட் பந்தை விடச் சற்று இலேசானது, தோல் மூடியது, ஸ்லிட்டர் என்பார்கள். ஹொக்கி மாதிரி நிலத்தோடு மட்டும் உருட்டுவதில்லை. மட்டையால் கிளறி எடுத்து, கையில் பிடித்து, மட்டை நுனியில் நிறுத்திக்கொண்டே ஓடி, காற்றிலேயே விளாசுவார்கள். எழுபது எண்பது மீற்றர் தூரத்தில் இருந்துகூடப் புள்ளி எடுப்பார்கள். இரண்டு கம்பங்களுக்கும் நடுவே குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனால் ஒரு புள்ளி. அதற்குக் கீழே வலைக்குள் போனால் கோல். ஒரு கோலுக்கு மூன்று புள்ளி. ஆகவே 2-23 என்று எழுதினால் இரண்டு கோல், 23 புள்ளி, மொத்தம் 29 என்று கணக்கு. கவுண்டி மட்டத்தில் 70 நிமிட ஆட்டம். 2010 வரை பெரியவர்களுக்குத் தலைக்கவசம் கட்டாயமில்லை என்று அறிந்தபோது நமக்கு நெஞ்சு பக்கென்றது. 2018இல் யுனெஸ்கோ இதை மனிதகுலத்தின் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது.

ஜீ.ஏ.ஏ. 1884 நவம்பர் முதலாம் திகதி, தேர்லஸ் என்ற சிறு நகரத்து ஹோட்டல் ஒன்றில் தொடங்கியது. முன்னின்று தொடக்கியவர் மைக்கல் கியூசாக், ஓர் ஆசிரியர். (நம் இனத்தவர் என்பதால் சொல்லி வைக்கிறோம்.) இன்று அந்தச் சங்கத்தின் க்ரோக் பார்க் மைதானத்தில் 82 ஆயிரம் பேர் இருக்கலாம். அங்கே ஆடும் ஒருவருக்கும் சம்பளம் கிடையாது. அகில அயர்லாந்து இறுதிப் போட்டியில் ஞாயிற்றுக்கிழமை வென்ற ஆள் ஆசிரியராகவோ, தச்சராகவோ, வங்கி ஊழியராகவோ தன் வேலைக்குத் திரும்ப வேண்டும். வீரர்களை விற்பதும் வாங்குவதும் இல்லை. பிறந்த ஊர், வாழும் ஊர், அதன் கழகம், அதன் கவுண்டி. அவ்வளவுதான்.

இங்கேதான் சிக்கல் தொடங்குகிறது. ஹேர்லிங் அயர்லாந்து முழுக்கச் சமமாகப் பரவிய ஆட்டமல்ல. தெற்கிலும் கிழக்கிலும் உள்ள சில கவுண்டிகளில்தான் அது உயிர். மற்ற இடங்களில் கேலிக் உதைபந்தாட்டம்தான் ராஜா. மிகப் பெரிய பரிசான லியம் மெக்கார்த்தி கிண்ணத்தை கில்கெனி 36 தடவையும் கோர்க் 30 தடவையும் வென்றிருக்கின்றன. டிப்பரெரி 2025இல் கோர்க்கை வீழ்த்தித் தன் 29ஆவதை எடுத்தது. இந்த மூன்று பேரும் சேர்ந்து 95. வீரர்களை விலைக்கு வாங்க முடியாத ஆட்டத்தில், சிறிய கவுண்டி ஒன்று பணத்தைக் கொட்டியும் ஒரு வருடத்தில் பெரிய அணியாகிவிட முடியாது. மூன்று தலைமுறை எடுக்கும்.

ஆகவே 2005இல் இரண்டு புதிய கிண்ணங்களைக் கொண்டுவந்தார்கள், கிறிஸ்டி ரிங் கிண்ணமும் நிக்கி ரெக்கார்ட் கிண்ணமும். 2009இல் லோரி மாஹர் கிண்ணம். 2018இல் ஜோ மெக்டொனா கிண்ணம். இப்போது மேலிருந்து கீழாக மெக்கார்த்தி, மெக்டொனா, ரிங், ரெக்கார்ட், மாஹர் என்று ஐந்து தட்டு. வென்றவர் மேலே ஏறுவார், கடைசியானவர் கீழே இறங்குவார்.

பெயர்களைக் கவனியுங்கள். கிறிஸ்டி ரிங் கோர்க் கவுண்டிக்காரர், எண்ணெய் லொறி ஓட்டிப் பிழைத்தவர், எட்டு அகில அயர்லாந்துப் பதக்கம் எடுத்தவர். நிக்கி ரெக்கார்ட் வெக்ஸ்ஃபோர்டின் கோல் மன்னன், தொழிலில் மிருக வைத்தியர். குடிப்பழக்கத்தில் விழுந்து, அதிலிருந்து மீண்டு, பிறகு அதே பழக்கத்தில் சிக்கியவர்களுக்கு உதவுவதையே பணியாக எடுத்துக்கொண்டார். லோரி மாஹர் கில்கெனிக்காரர். 1931 இறுதிப் போட்டி இரண்டு தடவை சமநிலையில் முடிந்து மூன்றாவது தடவையும் ஆட வேண்டி வந்தது. இரண்டாவதில் விலா எலும்பு முறிந்த மாஹரால் மூன்றாவதில் இறங்க முடியவில்லை, கோர்க் வென்றது. ஜோ மெக்டொனா கோல்வே கவுண்டி வீரர். 57 வருடத்துக்குப் பிறகு 1980இல் கோல்வே கிண்ணத்தைத் தூக்கியபோது மேடையில் நின்று பாட்டுப் பாடியவர், பின்னாளில் ஜீ.ஏ.ஏ.யின் தலைவரானார். கடைசி வரிசைக் கிண்ணங்களுக்குக் கண்ட பெயரை வைக்காமல் தங்கள் முதல்தரமான மனிதர்களின் பெயரை வைத்தார்கள். அந்த மரியாதை நமக்குப் பிடித்திருக்கிறது. பெயரில் காட்டிய மரியாதையை நடைமுறையிலும் காட்டினார்களா என்பதுதான் கேள்வி.

2019ஆம் வருடத்துப் பருவத்தை எடுத்துப் பேசுவோம். இந்த வாதத்துக்குத் தேவையான எல்லாம் அந்த ஒரு பருவத்திலேயே இருக்கிறது.

அந்த வருடம் மெக்டொனா கிண்ணத்தில் ஐந்து அணிகள்: அன்ட்ரிம், கெரி, லீஷ், ஓஃபலி, வெஸ்ட்மீத். லீஷ் என்பதை ஆங்கிலத்தில் எழுதியிருக்கும் விதத்தைப் பார்த்தால் லாவோஸ் நாடோ என்று நினைப்பீர்கள். அந்தக் கவுண்டி அகில அயர்லாந்துக் கிண்ணத்தை வென்றது ஒரே ஒரு தடவை, 1915இல். பயிற்றுவிப்பாளராக வந்தவர் எடி பிரெனன், கில்கெனிக்காக எட்டுப் பதக்கம் வென்றவர். லீஷ் இறுதிக்கு வந்தது. ஜூன் 30ஆம் திகதி க்ரோக் பார்க்கில் வெஸ்ட்மீத்தை 3-26 க்கு 1-21 என்று வென்றது. அதே மைதானத்தில் அதே நாள் லெய்ன்ஸ்டர் மாகாணத்தின் பெரிய இறுதிப் போட்டியும் நடந்தது. சனம் அதைப் பார்க்கத்தான் வந்தது. லீஷுடைய ஆட்டம் அதற்கு முன் நடக்கும் ஆட்டம், அவ்வளவே.

ஒரு விதி இருந்தது. மெக்டொனா கிண்ணத்தின் இரண்டு இறுதி அணிகளுக்கும் அதே வருடம் பெரிய போட்டியில் ஒரு வாசல் திறக்கும். பெரிய மாகாணங்களில் மூன்றாமிடம் பெற்ற அணிகளோடு, காலிறுதிக்கு முந்திய ஆட்டம் ஒன்று, அதுவும் சிறிய அணியின் சொந்த மைதானத்தில். லீஷுக்குக் கிடைத்தது டப்ளின். டப்ளின் யார்? தலைநகரம். சில கிழமைகளுக்கு முன்புதான் 2017 சம்பியனான கோல்வேயை வீட்டுக்கு அனுப்பிய அணி. லீஷ் வீரர்கள் கிண்ணம் வென்று சரியாக ஏழு நாள். அந்த ஏழு நாளில் அவர்கள் கொண்டாடினார்கள் என்பதை ஒருவரும் மறைக்கவில்லை. ஜூலை 7ஆம் திகதி, போர்ட்லீஷ் நகரத்து மைதானம். முடிவு: லீஷ் 1-22, டப்ளின் 0-23. இரண்டு புள்ளி வித்தியாசம். சனம் வேலி தாண்டி மைதானத்துக்குள் பாய்ந்தது.

அடுத்த ஞாயிறு காலிறுதியில் டிப்பரெரியிடம் 2-25 க்கு 1-18 என்று தோற்றார்கள். பத்துப் புள்ளி. டிப்பரெரிதான் அந்த வருடம் சம்பியன் ஆனது. இரண்டாம் தட்டில் இருந்து வந்த அணி சம்பியனிடம் தோற்றது என்றால் அது அவமானமா? நமக்கு அப்படித் தோன்றவில்லை.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும், இல்லாவிட்டால் நாம் வக்கீல் வேலை பார்ப்பதாக ஆகிவிடும். அதே கட்டத்தில் வெஸ்ட்மீத்துக்குக் கிடைத்தது கோர்க். படுதோல்வி. 2023இல் ஓஃபலி அதே வாசலால் போய் டிப்பரெரியிடம் ஏழு கோல் வாங்கியது, வித்தியாசம் 30 புள்ளிக்கும் மேல். 2025இல் லீஷும் டிப்பரெரியிடம் நொறுங்கியது. ஒவ்வொரு தடவை இப்படி நடக்கும்போதும், இந்த ஆட்டங்களை எடுத்துவிடுங்கள், பாவம் அந்தப் பொடியன்மார் என்று ஒரு குரல் எழும். அந்தக் குரல் அநேகமாகப் பெரிய கவுண்டிகளின் முன்னாள் வீரர்களுடையதாக, தொலைக்காட்சி மேசையில் இருந்து வருவதாகத்தான் இருக்கும். பாவம் பார்க்கப்படுகிறவர்களிடம் கேட்டால், விடுங்கள், நாங்கள் ஆடுகிறோம் என்பார்கள். கிண்ணம் வென்ற ஏழாம் நாளே அனுப்பாமல் இரண்டு கிழமை தள்ளி வையுங்கள் என்று கேட்டால் அது வேறு. அது நியாயமான கோரிக்கை.

இனி ஓஃபலியின் கதை. 2019இல் அந்த ஐந்து அணிகளில் கடைசியாக வந்தது ஓஃபலி. ஓஃபலி சாதாரண அணியல்ல. 1981, 1985, 1994, 1998 என்று நான்கு தடவை அகில அயர்லாந்து சம்பியன். 1998 கதை அயர்லாந்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். கிளேர் அணியோடு அரையிறுதி மறு ஆட்டம். ஓஃபலி பின்தங்கி நிற்கிறது. நடுவர் இரண்டு நிமிடம் இருக்கும்போதே தவறுதலாக விசிலை ஊதி ஆட்டத்தை முடித்துவிட்டார். ஓஃபலி சனம் மைதானத்தில் இறங்கிப் புல்லில் உட்கார்ந்தது, எழும்ப மாட்டோம் என்றது. இன்னொரு ஆட்டம் கொடுத்தார்கள். ஓஃபலி அதில் வென்று, இறுதியில் கில்கெனியையும் வென்றது. அந்த ஓஃபலிதான் 2018இல் லெய்ன்ஸ்டரில் இருந்து விழுந்து, 2019இல் மெக்டொனாவில் இருந்தும் விழுந்து, மூன்றாம் தட்டான கிறிஸ்டி ரிங் கிண்ணத்துக்கு வந்து சேர்ந்தது.

பெரிய பெயர் என்று அவர்களுக்குச் சலுகை காட்டவில்லை. அவர்களும் கேட்கவில்லை. 2021இல் ரிங் கிண்ணத்தை வென்று மேலே வந்தார்கள். 2023இல் டிப்பரெரியிடம் அந்த ஏழு கோல். 2024இல் மெக்டொனா கிண்ணம். அதே 2024இல் ஓஃபலியின் 20 வயதுக்குட்பட்ட அணி, அதே டிப்பரெரியை இறுதியில் வென்று அந்த வயதுப் பிரிவில் தன் வரலாற்றின் முதல் அகில அயர்லாந்துப் பட்டத்தை எடுத்தது. 2025இல் லெய்ன்ஸ்டரில் பெரியவர்களோடு ஆடி விழாமல் நின்றார்கள், விழுந்தது அன்ட்ரிம். 2023 தோல்வியைப் பார்த்து, இவர்களை வெளியே எடுங்கள் என்றவர்களின் பேச்சை யாராவது கேட்டிருந்தால்?

கில்டேர் இன்னொரு உதாரணம். 2024இல் ரிங் கிண்ணம், 2025இல் மெக்டொனா கிண்ணம். இரண்டே வருடத்தில் இரண்டு படி. கார்லோ 2017இல் ரிங், 2018இல் மெக்டொனா, பிறகு விழுந்து, 2023இல் மறுபடி மெக்டொனா. 2024இல் கார்லோ, 36 தடவை சம்பியனான கில்கெனியோடு சமநிலை கண்டது. அந்த வருடக் கடைசியில் கார்லோ மறுபடி கீழே போனது உண்மைதான். லீஷும் 2022இல் திரும்பக் கீழே போனது. ஏறுவதும் இறங்குவதும்தான் இந்த ஏற்பாடு. கீழே போன அணிக்கு ஆடுவதற்கு ஓர் இடமும் வெல்வதற்கு ஒரு கிண்ணமும் இருக்கிறது.

இப்போது கடைசித் தட்டுக்கு வருவோம். அந்த ஐந்து கவுண்டிகளின் விவகாரம் அங்கேதான்.

2019 லோரி மாஹர் கிண்ணத்தின் இறுதியில் ஆடியவை லெய்ட்ரிமும் லங்காஷயரும். லங்காஷயர் இங்கிலாந்தில் அல்லவா என்று கேட்பீர்கள். ஆம். பிழைப்புக்காக இங்கிலாந்து போன அயர்லாந்துக்காரர்கள் அங்கேயும் கழகம் அமைத்தார்கள். அவர்களுடைய அணிகளும் கீழ்த்தட்டுகளில் ஆடுகின்றன. (லண்டன் ஒரு தடவை, 1901இல், பெரிய கிண்ணத்தையே வென்றிருக்கிறது.) லெய்ட்ரிம் அயர்லாந்துக் குடியரசிலேயே மிகக் குறைந்த சனத்தொகை உள்ள கவுண்டி. 2022 கணக்கெடுப்பில் ஏறக்குறைய 35 ஆயிரம் பேர். அங்கே எல்லோரும் கேலிக் உதைபந்தாட்டக்காரர்கள். ஹேர்லிங் மட்டையோடு தெருவில் போனால் திரும்பிப் பார்ப்பார்கள்.

ஆட்டம் மேலதிக நேரத்துக்குப் போனது. லெய்ட்ரிம் 2-23, லங்காஷயர் 2-22. ஒரே ஒரு புள்ளி. லெய்ட்ரிம் அந்தக் கிண்ணத்தை எடுத்தது அதுதான் முதல் தடவை. க்ரோக் பார்க்கின் அவ்வளவு கதிரைகளில் பெரும்பாலானவை வெறுமையாகத்தான் இருந்தன. வந்திருந்தவர்களுக்கு அது போதுமாக இருந்தது.

அந்த லெய்ட்ரிம் அணியில் ஸாக் மொராடி என்று ஒருவர் ஆடினார். அவர் பிறந்தது 1991இல், ஈராக்கின் ரமாதி நகரத்துப் பக்கத்து அகதி முகாமில். பெற்றோர் ஈரானில் இருந்து ஓடி வந்த குர்திஷ் மக்கள். 2002இல், பதினொரு வயதில், குடும்பத்தோடு அயர்லாந்துக்குக் கொண்டுவரப்பட்டு, லெய்ட்ரிமின் கெரிக் ஒன் ஷனன் என்ற ஆற்றங்கரை நகரத்தில் குடியமர்த்தப்பட்டார். மொழி தெரியாது. மழையும் குளிரும் புதிது. அந்த நகரத்தில் அவர் கையில் ஹேர்லி மட்டை ஒன்று வந்து சேர்ந்தது. பிறகு குடும்பம் டப்ளினுக்குப் போனது. அவர் டப்ளினில் ஒரு கழகத்தில் ஆடிக்கொண்டே, கவுண்டி என்று வரும்போது லெய்ட்ரிமுக்கு ஆடினார். 2022இல் தன் வாழ்க்கையைப் புத்தகமாகவும் எழுதினார். அதன் தலைப்பிலேயே தன் வாழ்க்கை லெய்ட்ரிமில் தொடங்குவதாகச் சொல்கிறார்.

நாம் இந்த இடத்தில் கொஞ்சம் நிற்க விரும்புகிறோம். முகாமில் பிறந்த ஒரு பிள்ளை, எந்த நாட்டிலும் முழுதாகச் சேராத ஒரு பிள்ளை, ஒரு கவுண்டியின் பச்சை மஞ்சள் உடுப்பைப் போட்டு அந்த நாட்டின் மிகப் பெரிய மைதானத்தில் நின்றிருக்கிறது. லெய்ட்ரிமுக்கு ஹேர்லிங் அணி என்று ஒன்று இருந்ததால்தான் அது நடந்தது. கில்கெனியிலோ கோர்க்கிலோ அவர் குடியமர்த்தப்பட்டிருந்தால், ஐந்து வயதில் இருந்து மட்டை பிடித்த நூற்றுக்கணக்கான பையன்களுக்குப் பின்னால் நின்றிருப்பார். பலவீனமான கவுண்டியில் கதவு அகலமாகத் திறந்திருந்தது. அந்தப் பலவீனத்தைக் காரணம் காட்டித்தான் நான்கு வருடம் கழித்து லெய்ட்ரிமின் பெயரை அந்த ஐந்து பேர் பட்டியலில் எழுதினார்கள்.

இப்போது அவர்களுடைய வாதத்துக்கு வருவோம். முதலில் சிறுவர் ஆட்டத்தை வளர்ப்போம், கழகங்களைக் கூட்டுவோம், பிறகு கவுண்டி அணி. காகிதத்தில் அழகாக இருக்கிறது. பாடசாலையில் வேலை செய்கிறவர்களுக்கு இந்த அழகு நன்றாகத் தெரியும். அடித்தளம் முதலில் என்று சொல்லி, பின்தங்கிய பத்துப் பேரைப் போட்டியில் இருந்து, விழாவில் இருந்து, மேடையில் இருந்து எடுத்துவிட்டு, இவர்களுக்கு வேறு பயிற்சி கொடுப்போம் என்போம். அந்த வேறு பயிற்சி ஒரு தவணை நடக்கும். அடுத்த தவணை அதற்கான ஆசிரியரை இன்னொரு வகுப்புக்குப் போட்டிருப்பார்கள். பிள்ளைகள் மேடைக்குத் திரும்பி வருவதில்லை.

லெய்ட்ரிமில் பத்து வயதுப் பிள்ளை எதற்காக உதைபந்தை விட்டு மட்டையைத் தூக்க வேண்டும்? பக்கத்து வீட்டு அண்ணன் கவுண்டி உடுப்போடு மைதானத்துக்குப் போவதைப் பார்ப்பதால்தான். பயிற்றுவிக்கப் போகிறவர்களும் அதே ஆட்கள்தான். சிறிய கவுண்டியில் கவுண்டி அணிக்கு ஆடுகிறவர்தான் சனிக்கிழமை காலை சிறுவர்களுக்கும் பயிற்சி கொடுப்பார், மைதானத்தில் கோடும் போடுவார். தேசிய லீக்கை எடுத்துவிட்டால் அந்த அணிக்கு வருடத்தில் மிஞ்சுவது ஒரு சில ஆட்டம். ஒரு சில ஆட்டத்துக்காகப் பனியில் கிழமைக்கு மூன்று இரவு, வேலை முடிந்து, சம்பளமும் இல்லாமல் யார் பயிற்சிக்கு வருவார்? அவர் வராவிட்டால் சனிக்கிழமை காலை பிள்ளைகளுக்கு யார்?

பணத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. இந்த ஐந்து அணிகளின் செலவு, பெரிய கவுண்டிகள் தங்கள் முதல் அணியைத் தயார் செய்யக் கொட்டுகிற பணத்தோடு ஒப்பிட்டால் எங்கே நிற்கும் என்று அயர்லாந்திலேயே பலர் கேட்டார்கள். மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அங்கே அல்லவா தொடங்க வேண்டும்? வழக்கமாக மிச்சம் பிடிப்பது சத்தம் போட ஆளில்லாத இடத்தில்தான்.

இந்தத் தடவை சத்தம் போட ஆள் இருந்தது. ஐந்து கவுண்டிகளின் வீரர்களும், வீரர்கள் சங்கமும், பெரிய கவுண்டிகளில் இருந்தும் பலரும் எதிர்த்தார்கள். யோசனை நிறைவேறவில்லை. 2025 லீக்கில் ஐந்து கவுண்டிகளும் ஆடின.

அதற்காக எல்லாம் சரியாகிவிட்டது என்று நாம் சொல்லவில்லை. கெரியைப் பாருங்கள். 2020, 2021, 2022 என்று மூன்று வருடம் தொடர்ந்து மெக்டொனா இறுதிக்கு வந்து மூன்றிலும் தோற்ற அணி. 2022இல் அன்ட்ரிமிடம் 5-22 க்கு 4-24, அதாவது ஒரே ஒரு புள்ளியில். சரி, கெரி வென்றிருந்தால்? மற்ற அணிகள் வென்றால் நேரே லெய்ன்ஸ்டருக்குப் போகும். கெரி மன்ஸ்டர் மாகாணத்தைச் சேர்ந்ததால், கிண்ணம் வென்ற பிறகும் மன்ஸ்டரில் கடைசியாக வந்த பெரிய அணியோடு இன்னோர் ஆட்டம் ஆடி வென்றால்தான் மேலே. கிளேர், கோர்க், லிமெரிக், டிப்பரெரி, வோட்டர்ஃபோர்ட் என்ற ஐந்தில் ஒன்று அது. ஏணியை வைத்துவிட்டுக் கடைசிப் படியில் ஒரு காவலாளியை நிறுத்தியதுபோல் இருக்கிறது இந்த விதி. ஐந்து கவுண்டிகளுக்காக எழும்பிய குரல் கெரிக்காகவும் எழும்ப வேண்டும் என்பது நம் கருத்து.

தொலைக்காட்சியும் அப்படித்தான். பெரிய ஆட்டங்களை அலசி முடித்து, இரவு பிந்தி, ஆட்கள் தூங்கப் போகும் நேரத்தில் கீழ்த்தட்டு ஆட்டங்களின் கோல்களை அவசர அவசரமாகக் காட்டுகிறார்கள் என்ற முறைப்பாடு அங்கே பழையது. 5-22 க்கு 4-24 என்று முடிந்த ஒரு ஆட்டத்தில் ஒன்பது கோல் இருக்கிறது. அதைப் பார்க்கச் சனத்துக்கு விருப்பமில்லை என்று யார் தீர்மானித்தது?

ஒரு நண்பர் இதை வாசித்துவிட்டு, தோற்றுக்கொண்டே இருக்கிற அணியை வைத்திருப்பது அந்த வீரர்களுக்கே கொடுமை இல்லையா என்று கேட்கலாம். தோற்றுக்கொண்டே இருக்கிற அணி என்று ஒன்று இந்த ஏற்பாட்டில் குறைவு என்பதுதான் பதில். கில்கெனியோடு லெய்ட்ரிமை மோத விட்டால் கொடுமை. அதைத் தவிர்க்கத்தான் ஐந்து தட்டு. லெய்ட்ரிம் லங்காஷயரோடு ஆடி மேலதிக நேரத்தில் ஒரு புள்ளியில் வெல்கிறது. 2019இல் லீஷும், ரிங் கிண்ணம் வென்ற மீத்தும், ரெக்கார்ட் கிண்ணம் வென்ற ஸ்லைகோவும், மாஹர் கிண்ணம் வென்ற லெய்ட்ரிமும் க்ரோக் பார்க்கில் கிண்ணம் தூக்கின. டிப்பரெரியையும் சேர்த்தால் ஒரு பருவத்தில் ஐந்து கவுண்டிகளுக்குத் திருவிழா. பழைய முறையில் ஒன்றுக்கு மட்டும்தான்.

அந்த யோசனை வந்து கைவிடப்பட்ட அடுத்த வருடம், 2024இல், லோரி மாஹர் கிண்ணத்தின் இறுதிக்கு வந்தவை ஃபெர்மனாவும் லோங்ஃபோர்டும். இரண்டு பேருமே அந்த ஐந்து பேர் பட்டியலில் இருந்தவர்கள். கிண்ணத்தை ஃபெர்மனா எடுத்தது.